ஜி. சுப்பிரமணிய ஐயர் காட்டிய வழி

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று நாளிதழில் செய்தி வருகிறது. அதைப் படித்த குடும்பத் தலைவி அன்று மாலை கடைக்குச் சென்று பருப்பு வாங்குகிறார். விலை குறையவில்லை; முன்பு வாங்கியதைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. அவர் என்ன முடிவுக்கு வருவார்? அரசு பொய் சொல்கிறது, அல்லது நாளிதழ் பொய் சொல்கிறது. உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை. பணவீக்கம் என்பது விலை அன்று. விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 6 விழுக்காடு ஏறி 106 ரூபாயாகிறது. அடுத்த ஆண்டில் 4 விழுக்காடுதான் ஏறுகிறது. பணவீக்கம் ஆறிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டது. பொருளின் விலையோ 110 ரூபாய் 24 காசாகிவிட்டது.

இதைச் சொல்ல இரண்டே வரிகள் போதும். ஆனால், அந்த இரண்டு வரிகள் செய்தியில் இடம்பெறுவது அரிது. கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், பணவீக்கத்துக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர்கள்கூட, விலை ஏன் குறையவில்லை என்று பின்னர் தனியே வந்து கேட்டதுண்டு. அவர்களிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை.

படிப்பவருக்குப் புரியாத துறைச் சொற்களைச் செய்தியாளர் தவிர்க்க வேண்டுமா என்ற வினா அவ்வப்போது எழுகிறது. தவிர்த்தே ஆக வேண்டும் என்பார் ஒருசாரார். துறைச் சொல்லைத் தவிர்த்தால் துல்லியம் போய்விடும் என்பார் மறுசாரார். இந்த வழக்கில் நான் சாட்சிக்கு அழைக்க விரும்புபவர், இன்றைக்கு நூறாண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு பத்திரிகையாசிரியர். அரசின் வரவு செலவுக் கணக்கை ஆங்கிலத்தில் ஆட்சியாளரோடு வாதிட்டவர். அதே கணக்கைத் தமிழில் குடிமக்களிடம் கொண்டுசெல்ல முற்பட்டவர். அவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று அவர் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் அவ்வூரில் வழக்குரைஞர். மகனுக்குப் பதின்மூன்று வயது ஆனபோதே தந்தை காலமானார். தஞ்சையில் பள்ளி, கல்லூரிப் படிப்பை முடித்த சுப்பிரமணிய ஐயர், சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி பெற்றார், பள்ளி ஆசிரியரானார், வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து 1877-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். இந்த ஆசிரியத் தொழிலை நாம் நினைவில் கொள்ள வேண்டும். வகுப்பில் முதல் வரிசையில் இருப்பவனுக்குப் புரிந்தால் போதும் என்று நினைப்பவர் நல்லாசிரியர் ஆகமாட்டார். பிற்காலத்தில் அவர் பத்திரிகைத் தொழிலில் செய்தது, கடைசி வரிசையைத் தேடிச் சென்றதுதான்.

1878-இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஆங்கிலேயர் நடத்திய சென்னைப் பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. மறுமொழி கூற இந்தியர் கையில் ஓர் ஏடு இல்லை. சுப்பிரமணிய ஐயர், அவருடைய நண்பர் எம். வீரராகவாச்சாரியார், சட்ட மாணவர்கள் நால்வர் என ஆறு இளைஞர்கள் கூடினர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20 அன்று 80 படிகள் அச்சிட்டு 'தி ஹிந்து' வார இதழைத் தொடங்கினர். ஆசிரியர் ஐயருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

அந்த இதழ் ஆங்கிலத்தில் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. மறுமொழி கூற வேண்டிய இடம் ஆங்கிலேயரின் மேசை. அங்கே வைக்கப்படும் வாதம் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய கணக்குச் சொற்களில், அவர்களுடைய அறிக்கைகளிலிருந்தே எடுத்த எண்களோடு இருந்தாலன்றி எடுபடாது. பொருளியலில் தனிப்பட்டம் ஏதும் பெறாத ஐயர், நிலவரித் திட்டம், உப்பு வரி, நாணய மாற்று, ரயில்வே வட்டி, படைச் செலவு ஆகியவற்றையெல்லாம் தாமே கற்றுத் தேர்ந்தார். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாட்டில், இந்திய நிர்வாகத்தை ஆராய விசாரணைக்குழு அமைக்க வேண்டும் என்ற முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே.

ஆனால், அந்த மாநாட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே அவர் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தார். 'தி ஹிந்து'வின் ஆசிரியராக இருந்துகொண்டே, 1882-இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழை நிறுவினார். ஆங்கில ஏடு வளர்ந்துகொண்டிருந்த வேளையில் தமிழ் ஏடு ஒன்று எதற்கு என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கக்கூடும். கணக்குப் பார்த்தால் விடை எளிது. அன்றைய சென்னை மாகாணத்தில் ஏதேனும் ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஆங்கிலம் அறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வரி கட்டியவர்களோ அனைவரும். உப்பு வாங்கிய ஒவ்வொரு வீடும் உப்பு வரி கட்டியது. நிலம் வைத்திருந்த ஒவ்வொரு குடியானவனும் கிஸ்தி கட்டினான். கொடுப்பவர்கள் ஒரு பக்கமும், அதைப் பற்றிய விவாதம் வேறொரு பக்கமும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டியிருந்தது.

அந்தப் பாலத்தைக் கட்டுவது எவ்வளவு கடினமான காரியம் என்பதைப் பொருளியல் படித்தவன் என்ற முறையில் ஓரளவு என்னால் உணர முடிகிறது. அன்றைய விவாதங்களில் அடிக்கடி வந்த 'ஹோம் சார்ஜஸ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 'ஹோம்' என்றால் வீடு, தாயகம். ஆனால் அது நம் தாயகம் அன்று, அவர்களுடையது. இந்தியாவின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் இங்கிலாந்தில் செலவிடப்பட்ட தொகைக்கு அந்தப் பெயர். கடன்களுக்கும் ரயில்வேக்கும் வட்டி, லண்டனில் இருந்த இந்திய அமைச்சரின் அலுவலகச் செலவு, ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளின் ஓய்வூதியம், படைச் செலவு, அரசுக்கு வாங்கிய பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். அதை அப்படியே வீட்டுச் செலவு என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். மொழிபெயர்க்காமல் விட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. விவரித்தால் மட்டுமே விளங்கும்.

அடுத்தது நாணய மாற்று. ஜெர்மனி முதலான நாடுகள் 1871-க்குப் பின் தங்க நாணயத்துக்கு மாறின. அமெரிக்காவில் புதிய வெள்ளிச் சுரங்கங்கள் திறந்தன. வெள்ளியின் விலை சரிந்தது. நம் ரூபாயோ வெள்ளி நாணயம். 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங். அதாவது, ஒரு பவுண்டுக்குப் பத்து ரூபாய். 1894-95-இல் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 18 ரூபாய் தரவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் கட்ட வேண்டிய தொகை பவுண்டில் நிர்ணயமானது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் அதிகம். அந்த ஒன்றரைக் கோடியைப் பத்து ரூபாய் வீதத்தில் கணக்கிட்டால் 15 கோடி ரூபாய். பதினெட்டு ரூபாய் வீதத்தில் கணக்கிட்டால் 27 கோடி ரூபாய். அந்தப் பன்னிரண்டு கோடி வேறுபாட்டை யார் தருவது? 1886-இல் வருமான வரி நிலையாக வந்தது. 1888-இல் ஒரு மணங்கு உப்புக்கான வரி இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. படைச் செலவு முதலிய காரணங்களும் உண்டு. எனினும், நாணய மாற்றால் வந்த நெருக்கடி அவற்றுள் முதன்மையானது.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு குடும்பம் உப்புக்குக் கூடுதல் காசு தருவதற்கும், நெவாடாவில் வெள்ளி கிடைப்பதற்கும் தொடர்பு இருந்தது. 'எக்ஸ்சேஞ்ச்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அந்தத் தொடர்பு முழுவதும் மறைந்திருந்தது. அந்தச் சொல்லை அறிந்தவர்கள் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்தனர். அதன் விளைவை அனுபவித்தவர்கள் கிராமங்களில் இருந்தனர். சொல்லும் விளைவும் ஒரே மனிதரிடம் சேராத வரையில், வரி என்பது மழையையும் வறட்சியையும் போல வானத்திலிருந்து வருவதாகவே மக்களுக்குத் தோன்றும். வானத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

துறைச் சொல் அநீதியை மறைக்கவும் பயன்படும் என்பதற்கு அதே காலத்தின் இன்னொரு சான்று, பருத்தித் துணி வரி. 1894-இல் இந்திய அரசு பணத்தட்டுப்பாட்டால் இறக்குமதித் துணிக்கு 5 விழுக்காடு சுங்கம் விதித்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் எதிர்த்தனர். 1896-இல் இறக்குமதித் துணியின் சுங்கம் மூன்றரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிக்கும் மூன்றரை விழுக்காடு கலால் வரி விதிக்கப்பட்டது. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் சமன்செய் கலால் வரி. சமன் என்ற சொல்லில் நியாயத்தின் சாயல் இருக்கிறது. வளர்ந்து முதிர்ந்த தொழிலையும் தவழத் தொடங்கிய தொழிலையும் ஒரே தராசில் வைப்பது சமன் ஆகுமா? அந்தப் பெயரை விளக்கமின்றி அச்சிட்ட ஏடு, தன்னை அறியாமலே லங்காஷயரின் பக்கம் பேசியது. அதைத் தவிர்த்து வெறும் வரி என்று எழுதிய ஏடும், எந்த வரி, யாருக்காக என்பதைச் சொல்லாமல் விட்டது. இரண்டு வழியிலும் இழந்தவர் படிப்பவரே.

1897-இல் ஐயர் லண்டன் சென்றார். இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்க அழைக்கப்பட்ட இந்தியருள் அவரும் ஒருவர். கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் ஏனையோர். ஆணையத்தின் உறுப்பினராக தாதாபாய் நௌரோஜி இருந்தார். அங்கே நிபுணர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். துறைச் சொல்லும் எண்ணும் துல்லியமாக இல்லாதவரின் சாட்சியம் நிற்காது. அங்கே ஐயர் நிபுணராக நின்றார். சென்னைக்குத் திரும்பியதும் அதே பொருளைத் தமிழில் எழுத வேண்டியவரும் அவரே. ஒரே மனிதர், ஒரே கணக்கு, இருவகைக் கேட்போர். யாரிடம் பேசுகிறோம் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாழ்க்கைச் சான்று எனக்குத் தெரியவில்லை.

எளிமையாக எழுதுவோர் ஆழமறியாதவர் என்ற எண்ணம் கற்றோரிடையே இன்றும் உண்டு. ஐயரின் வாழ்வு அதை மறுக்கிறது. ஆழம் அறிந்தவரால்தான் எளிமையாக்க முடியும். அறியாதவர் கடினமான சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவே முயல்வார். 1903-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகள் குறித்து ஐயர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அது சுதேசமித்திரன் அச்சகத்திலேயே அச்சானது. தமிழ் ஏட்டின் எந்திரத்தில் ஆங்கிலப் பொருளியல் நூல் அச்சேறியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், அவருடைய இரு பணிகளும் ஒரே பட்டறையில் நடந்தன என்பதற்கு அது பொருத்தமான அடையாளம்.

சொன்னதைச் செய்யும் துணிவும் அவரிடம் இருந்தது. இளம் வயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தார். உறவும் ஊரும் அவரை ஒதுக்கின. சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம், பத்திரிகைக் கூட்டாளியான வீரராகவாச்சாரியாருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டுக்கு ஒரு காரணமாயிற்று. 1898-இல் 'தி ஹிந்து'வை விட்டு விலகினார். அதற்குள் அது நாளிதழாக வளர்ந்து, நாடறிந்த ஏடாகியிருந்தது. அதை விட்டு வந்தவர், தம் முழு உழைப்பையும் தமிழ் ஏட்டின் பக்கம் திருப்பினார். 1899-இல் 'சுதேசமித்திரன்' நாளிதழாயிற்று. தமிழில் நாளிதழ் என்ற வடிவம் அதன்மூலம் நிலைபெற்றது.

நாளிதழ் என்பது அன்றாடம் ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. போர், ஒப்பந்தம், நாடாளுமன்றம், வரவு செலவுத் திட்டம் என நாளும் புதுச் சொற்கள் வரும். அச்சுக்குப் போக வேண்டிய நேரமோ காத்திருக்காது. அந்த வேலைக்கு 1904-இல் ஐயர் ஓர் இளைஞரைத் துணையாசிரியராகச் சேர்த்துக்கொண்டார். அவர் சி. சுப்பிரமணிய பாரதி. அன்றாடம் மொழிபெயர்த்த அந்தப் பயிற்சி பாரதியாரின் உரைநடையைச் செப்பனிட்டது. பத்திரிகைத் தொழிலில் ஐயரைத் தம் குருவாகவே பாரதியார் மதித்தார்.

அந்தத் தொழிலின் திண்டாட்டத்தைப் பாரதியார் ஒருமுறை வெளிப்படையாகவே பதிவு செய்தார். ஆங்கிலத்தில் 'மெம்பர்' என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் தேடி அரைமணி நேரம் யோசித்தார். சில சொற்களை எண்ணிப் பார்த்தார். எதுவும் மனத்துக்குப் பொருந்தவில்லை. பொருந்திய ஒன்றோ பொதுமக்களுக்குத் தெரியாது என்று கைவிட்டார். இறுதியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டார். தமிழின் மாபெரும் கவிஞருக்குச் சொல் கிடைக்கவில்லை என்பது இதன் பொருள் அன்று. சொல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, படிப்பவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும் என்ற அளவுகோலை அவர் கைவிடவில்லை என்பதே பொருள். பின்னாளில் 'உறுப்பினர்' என்ற சொல் வந்தது. மக்கள் நாவில் பழகியது. இன்று அதை யாரும் கடினச் சொல் என்று கருதுவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். புரியாத சொல் என்றால் பிறமொழிச் சொல் என்று பொருளன்று. கிஸ்தி, ஜமாபந்தி, பட்டா, அடங்கல் ஆகியவை நிர்வாகத் துறைச் சொற்கள்தாம். அவற்றுள் சில பாரசீகமும் அரபும் வழியாக வந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்கும் அவை துல்லியமாகப் புரிந்தன. ஏனெனில், அவை அவர் வாழ்வைத் தொட்டன. அவற்றின் பொருளைக் கிராமக் கணக்கர் ஆண்டுதோறும் அவருக்கு நேரிலேயே உணர்த்தினார். மறுபுறம், இன்று நாம் ஆக்கும் தூய தமிழ்க் கலைச்சொல் பல, அதை ஆக்கிய குழுவுக்கு வெளியே யாருக்கும் புரிவதில்லை. சொல்லின் பிறப்பிடம் முக்கியமன்று. அதன் பொருள் படிப்பவரிடம் சென்று சேர்ந்ததா என்பதே கேள்வி. ஐயர் காலத்துச் 'சுதேசமித்திரன்' நடை வடசொற்கள் மிகுந்தது. இன்றைய வாசகருக்கு அது சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். அன்றைய வாசகருக்கு அச்சொற்கள் பழகியவை. அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்த நடையை அன்று, அந்த நோக்கத்தை.

அந்த நோக்கம் பலித்தது என்பதற்கு ஆட்சியாளரே சான்று தந்தனர். இந்திய மொழி இதழ்களைக் கட்டுப்படுத்த லிட்டன் பிரபு 1878 மார்ச்சில் கொண்டுவந்த சட்டம், ஆங்கில இதழ்களைத் தொடவே இல்லை. ரிப்பன் பிரபு காலத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால், அதன் பின்னிருந்த அச்சம் நீங்கவில்லை. ஐயர் ஆங்கிலத்தில் இருபது ஆண்டுகள் அரசைக் கண்டித்தார். அதற்காக அவர் சிறை செல்லவில்லை. சுதேசி இயக்கம் எழுந்தபோது தமிழில் எழுதினார். மாவட்டங்களுக்குச் சென்று தமிழில் பேசினார். 1908-இல் 'சுதேசமித்திரன்' கட்டுரைகளுக்காக அரசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய சட்டமன்ற மொழியில் எழுதிய வாதத்தைவிட, சந்தைக்குச் செல்பவருக்குப் புரியும்படி எழுதிய வாதமே ஆட்சிக்கு ஆபத்தாகத் தோன்றியது. புரிய வைப்பது அத்தனை வலிமையான செயல்.

அவருடைய இறுதி ஆண்டுகள் துயரமானவை. தொழுநோய் அவரை வாட்டியது. உடல் தளர்ந்த நிலையில், 1915-இல் 'சுதேசமித்திரன்' ஏ. ரங்கசாமி ஐயங்காரின் பொறுப்புக்குச் சென்றது. 1916 ஏப்ரல் 18 அன்று, அறுபத்தோராம் வயதில் ஐயர் காலமானார்.

அவர் எழுப்பிய வினா நம் காலத்திலும் முடிவுறவில்லை, சொற்கள்தாம் மாறியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 'ரெப்போ' வட்டியை 25 அடிப்படைப் புள்ளிகள் உயர்த்தியது என்று செய்தி வருகிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனின் வட்டி அது; 25 அடிப்படைப் புள்ளிகள் என்பது கால் விழுக்காடு. கால் விழுக்காடுதானே என்று தோன்றும். வீட்டுக் கடன் வட்டியும் அதற்கேற்ப எட்டரையிலிருந்து எட்டே முக்கால் விழுக்காடு ஆனால், 20 ஆண்டுத் தவணையில் 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கியவர் மாதம் ஏறத்தாழ 318 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரிடும். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத செய்தி, பங்குச் சந்தைத் தரகருக்கு எழுதப்பட்ட செய்தி.

துறைச் சொல்லை முற்றாகத் தவிர்ப்பதும் தீர்வாகாது. மத்திய அரசு 'செஸ்' விதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக அதை வரி என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு ஒரு முக்கியமான உண்மை மறைக்கப்படுகிறது. வருமான வரி போன்ற வரிகளின் வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 'செஸ்' வழியாகவும் கூடுதல் வரி எனப்படும் 'சர்சார்ஜ்' வழியாகவும் மத்திய அரசு திரட்டும் தொகை, அந்தப் பகிர்வில் சேராது. தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றிய விவாதத்தில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. எனவே, சொல் வேண்டும். அதனோடு ஒரு வரி விளக்கமும் வேண்டும். வாசகரைக் குழந்தையாக நினைத்துச் சொல்லை ஒளிப்பதும், நிபுணராக நினைத்துச் சொல்லை வீசுவதும் அவரை மதியாமையின் இரு வடிவங்களே.

இன்னும் கவலை தருவது, அலுவலகங்கள் ஆக்கித் தரும் மென்சொற்கள். கட்டண உயர்வு, கட்டண மறுசீரமைப்பு ஆகிறது. உற்பத்திச் சரிவு, எதிர்மறை வளர்ச்சி ஆகிறது. ஆள்குறைப்பு, பணியாளர் சீரமைப்பு ஆகிறது. செய்திக்குறிப்பில் வந்த சொல்லை அப்படியே அச்சிட்டால் நேரம் மிச்சம். பிழை என்று யாரும் குற்றம் சாட்டவும் முடியாது. ஆனால், 1896-இல் சமன் என்ற சொல் செய்த வேலையைத்தான் இன்று சீரமைப்பு என்ற சொல்லும் செய்கிறது.

செய்தியாளர் நண்பர்களின் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லன். இடம் குறைவு, நேரம் அதனினும் குறைவு. நிதிநிலை அறிக்கை நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒருசேர வந்து விழுகின்றன. இருப்பினும், ஒரு துறைச் சொல்லை எழுதும்போது தமக்குள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள நேரம் இருக்கும் என்றே நம்புகிறேன். இதன் பொருள் எனக்கே தெளிவாகத் தெரியுமா? இதனால் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் பணமோ உரிமையோ போகிறது? அதை இழப்பவர் இந்தச் செய்தியைப் படித்தால் அவருக்கு அது தெரியவருமா? முதல் கேள்விக்கு விடை இல்லையென்றால் நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதற்குத்தான் இருக்கிறோம். அழைப்பு வந்தால் மகிழ்வோம். கற்றோருக்கும் இதில் கடமை உண்டு. தம் ஆய்வைத் தமிழில் இரண்டு பக்கங்களில் சொல்ல இயலாத பேராசிரியர், செய்தியாளரைக் குறை கூறும் தகுதியை இழக்கிறார்.

மக்களாட்சியில் வாக்குரிமை எல்லோருக்கும் சமம். ஆனால், தான் எதற்காக வாக்களிக்கிறோம் என்று அறியும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இல்லை. அந்த வாய்ப்பைச் சமமாக்கும் வேலை, பள்ளிக்கூடத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரிகையின் கையில் இருக்கிறது. வாக்குரிமையே இல்லாதிருந்த மக்களை நம்பி, அவர்களுக்கு நாட்டின் கணக்கை விளக்க வேண்டும் என்று சுப்பிரமணிய ஐயர் கருதினார். வாக்குரிமை பெற்றுவிட்ட மக்களுக்கு அதைவிடக் குறைவாக நாம் தரக் கூடாது.